கவின் கலைக் கல்லூரியில் முதலாண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி திறக்கும் சமயத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களும் அவர்களைச் சேர்த்துவிட்ட பெற்றோரும் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்த விடைகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் சென்னையில் ஓவியம் படித்தவன் என்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அந்த நகரத்திலிருந்தே வருகின்றன. கும்பகோணத்திலோ புதுச்சேரியிலோ படிப்பவர்கள் இடப்பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

1. கலைக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன் என்றால் எல்லோரும் "பி.ஏ.வா, பி.காமா?" என்கிறார்கள். நான் என்ன படிக்கிறேன் என்று எப்படி விளக்குவது?

நம் ஊரில் கலைக் கல்லூரி என்றால் கலை அறிவியல் கல்லூரி என்றே பொருள். தவறு உறவினர்களுடையது அல்ல. நீங்கள் சேர்ந்திருப்பது கவின் கலைக் கல்லூரி, படிப்பது நான்காண்டு பி.எஃப்.ஏ., அதாவது கவின் கலை இளநிலைப் பட்டம். "ஓவியமும் சிற்பமும் படிக்கிறேன், இதுவும் பட்டப்படிப்புதான்" என்று சொல்லிவிடுங்கள். அதற்கு அடுத்ததாக அவர்கள் கேட்கப்போகும் கேள்விக்குப் பதின்மூன்றாம் விடையில் வருகிறேன்.

சென்னைக் கல்லூரியை 1850இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர். தொழிற்கலைகளைக் கற்பிக்கும் பள்ளியாகத் தொடங்கிய இடம் அது என்பதை அறிந்துகொண்டால், ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் பக்கத்திலேயே மட்கலத் துறையும் துணி வடிவமைப்புத் துறையும் ஏன் இருக்கின்றன என்பது புரியும். 1957இல் தொடங்கிய மாமல்லபுரம் கல்லூரி வேறு வகையானது; கல், உலோகம், சுதை, மரம் ஆகியவற்றில் மரபுச் சிற்பமும் கோயில் கட்டடக் கலையும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. ஆகவே அங்கே சேர்ந்தவர்களுக்குக் கீழே உள்ளவற்றில் பாதிதான் பொருந்தும்.

2. வகுப்பு தொடங்கும் முன் என்னென்ன வாங்க வேண்டும்? கடைக்காரர் கொடுத்த பட்டியலைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

கடைக்காரரின் பட்டியலை மடித்து வைத்துவிடுங்கள். முதல் மாதத்துக்கு எச்.பி., 2பி, 4பி, 6பி பென்சில்கள், ஒரு கட்டர், அழிப்பான், சார்கோல் கரிக்குச்சிகள் கொஞ்சம், அரைத்தாள் அளவுக்கு, அதாவது 15க்கு 22 அங்குலம் கொள்ளும் வரைபலகை, நான்கு கிளிப்புகள், கார்ட்ரிஜ் தாள்கள், கைக்கு அடக்கமான ஸ்கெட்ச் புத்தகம் ஒன்று ஆகியவை போதும். வண்ணத்துக்குப் போஸ்டர் கலரும் மூன்று பிரஷ்களும் இருந்தால் வகுப்பு ஓடிவிடும். ஆயில் கலர், ஈசல், மரப்பெட்டி எதையும் ஆசிரியர் சொல்லும் வரை வாங்காதீர்கள். வரைபலகையைப் படித்து முடித்துப் போகும் மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும்.

பயிற்சிக்கு மலிவான தாளைக் கட்டாக வாங்கலாம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாள் வணிகர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான்கு பேர் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டால் செலவு குறையும். ஆனால் நீர்வண்ணத் தாளிலும் பிரஷ்ஷிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். மெல்லிய தாள் ஈரம் பட்டதும் நெளிந்து வண்ணத்தைக் குழிகளில் தேக்கிவிடும். அது தாளின் குறை என்று தெரியாமல் தனக்கு நீர்வண்ணம் வராது என்று முடிவுகட்டிய பலரை நான் பார்த்திருக்கிறேன்.

3. நடிகர்களின் படத்தைப் பார்த்து அச்சு அசலாக வரைவேன். முதல் வாரமே ஆசிரியர் "இதெல்லாம் வேண்டாம்" என்றுவிட்டார். நான் என்ன தவறு செய்தேன்?

நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. ஆனால் புகைப்படத்தைப் பார்த்து வரையும்போது பாதி வேலையைக் கேமரா முன்னரே செய்து முடித்திருக்கிறது: மூன்று பரிமாணமுள்ள முகத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்துத் தட்டையாக்கி, வெளிச்சத்தை ஒரு நொடியில் நிறுத்தி, எல்லையையும் வெட்டிக் கொடுத்துவிட்டது. கட்டம் போட்டு அதை நகலெடுப்பதற்குப் பொறுமையும் கைக்கட்டுப்பாடும் வேண்டும். அவை உங்களிடம் இருக்கின்றன, பின்னால் உதவும். உங்களிடம் இன்னும் இல்லாதது, எதிரே இருக்கும் பொருளை நீங்களே தாளுக்கு மாற்றும் பழக்கம்.

நானும் ஒரு நடிகரின் முகத்தை இரண்டு வாரம் தேய்த்துத் தேய்த்து வரைந்து சட்டம் போட்டு மாட்டிவிட்டு வந்தவன்தான். முதல் வாரத்தில் மேசைமேல் ஒரு மண்குடத்தை வைத்தார்கள். அதன் வாயை என்னால் வரைய முடியவில்லை. வாய் வட்டம் என்பது மனத்துக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிவதோ நீள்வட்டம். அதே குடத்தின் அடிப்பகுதி கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால், அங்கே அந்த நீள்வட்டம் வாயில் இருப்பதைவிடச் சற்று அதிகமாகத் திறந்து வட்டத்தை நெருங்க வேண்டும். நான் அடியைத் தட்டையான கோடாகப் போட்டிருந்தேன். குடம் மேசைக்குள் புதைந்தது போல இருந்தது. மூன்று மாதம் கைபேசிப் படம் எதையும் பார்த்து வரைவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் புகைப்படத்தைப் பயன்படுத்தினாலும் அது உங்களை இழுத்துக்கொண்டு போகாது.

4. பென்சிலை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார்களே, அதனால் உண்மையிலேயே பயன் உண்டா? இல்லை, ஓவியர் போலத் தோன்றுவதற்கா?

பயன் உண்டு, முழங்கையை மடக்காமல் பிடித்தால் மட்டும். கை மடங்கினால் கண்ணுக்கும் பென்சிலுக்கும் உள்ள தொலைவு ஒவ்வொரு முறையும் மாறிவிடும், அளவும் மாறும். இரண்டு கண்ணாலும் பார்த்தால் பென்சில் இரண்டாகத் தெரியும் என்பதால் ஒன்றை மூடுகிறோம். நிற்பவரின் தலையைப் பென்சிலில் அளந்து, உடல் முழுவதும் எத்தனை தலை என்று எண்ணிப் பாருங்கள். வளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ ஏழரை வரும். தலையின் உச்சிக்கும் மோவாய்க்கும் நடுவில்தான் கண்கள் இருக்கின்றன என்பதையும் இதே முறையில் நீங்களே கண்டுபிடிப்பீர்கள். புதியவர்கள் எல்லோரும் கண்ணை மேலே ஏற்றி வைத்து மண்டையைச் சப்பையாக்கிவிடுகிறார்கள்.

நம் சிற்ப மரபிலும் அளவு உண்டு, ஆனால் அது வேறு நோக்கம் கொண்டது. அங்கே தாலம் என்பது 12 அங்குலம். இந்த அங்குலம் ஸ்கேலில் உள்ள அங்குலம் அல்ல, அந்தச் சிலைக்கென்று வகுத்துக்கொள்ளும் அலகு. பத்துத் தால அளவின் உயர்ந்த வகையான உத்தம தச தாலத்தில் அமையும் உருவம் 124 அங்குலம் கொண்டது. எதிரே நிற்பவரை அளப்பது ஒன்று, இருக்க வேண்டிய உருவத்தை வகுப்பது மற்றொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் கற்றால் இரண்டும் பயன்படும்.

5. தினமும் ஸ்கெட்ச் போடச் சொல்கிறார்கள். எத்தனை, எங்கே? வெளியில் உட்கார்ந்து வரையக் கூச்சமாக இருக்கிறது.

எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் நாளொன்றுக்குப் பத்து. பத்தும் இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டியவை. ஒரே படத்தை இரண்டு மணி நேரம் மெருகேற்றுவது இந்தப் பயிற்சிக்குப் பயன்படாது. சாய்ந்து நிற்பவரின் எடை எந்தக் காலில் இருக்கிறது, மூட்டை தூக்குபவரின் முதுகு எப்படி வளைகிறது என்பதை இரண்டு மூன்று கோடுகளில் பிடிப்பதுதான் வேலை. மோசமாக வந்த பக்கத்தைக் கிழிக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து நீங்கள் முன்னேறியிருப்பதற்குச் சான்றாக இருக்கப்போவது அந்தப் பக்கம்தான்.

இடத்துக்குப் பஞ்சமே இல்லை. எழும்பூர், சென்ட்ரல் நிலையங்களில் காத்திருப்பவர்களும் தூங்குபவர்களும் அசையாமல் இருப்பார்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகமும் கோயம்பேடு சந்தையும் அசைவைக் கற்றுக்கொடுக்கும். கட்டடம் வேண்டுமென்றால் சென்ட்ரலின் செங்கல் சிவப்பையும், அருகிலேயே 1913இல் கட்டி முடிக்கப்பட்ட ரிப்பன் மாளிகையின் வெள்ளையையும் ஒரே நாளில் வரைந்து பாருங்கள். வெள்ளைக் கட்டடத்தின் நிழலுக்கு என்ன நிறம் என்ற கேள்வி ஒரு வாரத்துக்கு உங்களை விடாது.

கூச்சம் நான்காவது நாளில் போய்விடும். முதலில் குழந்தைகள் வந்து நிற்பார்கள், பிறகு ஒரு பெரியவர் வந்து தன்னை வரையச் சொல்லுவார். யாராவது வேண்டாமென்றால் புத்தகத்தை மூடிவிட்டு நகர்ந்துவிடுங்கள், வாக்குவாதம் வேண்டாம். கல்லூரி அடையாள அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும்.

6. ஆளை எதிரே அமர்த்தி வரையும் லைஃப் ஸ்டடி வகுப்பில் மாடலாக அமர்பவரை நேராகப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. எப்படி நடந்துகொள்வது?

ஒரே நிலையில் இருபது நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்; அது எவ்வளவு கடினமான உழைப்பு என்பது தெரியும். அவர் அங்கே ஒரு தொழிலாளி, வயதில் பெரும்பாலும் நம்மைவிட மூத்தவர். அண்ணா, அம்மா, ஐயா என்று மரியாதையோடு பேசுங்கள். உடலைப் பற்றிக் கருத்துச் சொல்வதும் கைபேசியில் படமெடுப்பதும் கூடவே கூடாது. இடைவேளைக்குப் பிறகு அதே நிலைக்குத் திரும்ப அவருடைய பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு வைப்பது வழக்கம். அதைச் செய்யும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டால் சங்கடமும் குறையும். அளவு பிடிக்கத் தொடங்கியபின் பார்ப்பதற்குக் கூச்சப்பட நேரமே இருக்காது.

7. எந்தத் துறையை எடுப்பது? விசுவல் கம்யூனிகேஷன் எடுத்தால்தான் வேலை என்கிறார்கள்.

முதலாண்டு எல்லோருக்கும் பொதுவான அடிப்படைப் பயிற்சி என்பதால் சேர்ந்த அன்றே முடிவெடுக்க வேண்டியதில்லை. மாலை நான்கு மணிக்குமேல் ஒவ்வொரு துறைக்கும் போய் அங்கே வேலை செய்துகொண்டிருப்பவர்களின் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். மட்கலத்தில் காத்திருப்பு அதிகம்: முழுதாகக் காயாத மண் சூளையில் வெடித்துவிடும். தகட்டிலோ மரத்திலோ செதுக்கித் தாளில் அச்செடுக்கும் பதிப்போவியத்தில் எல்லாம் இடவலம் மாறி விழும் என்பதால் தலைகீழாக யோசிக்க வேண்டும். துணி வடிவமைப்பில் ஒரு பூ நூறு முறை திரும்பி வரும்போது ஒட்டுத் தெரியாமல் இணைய வேண்டும். இவற்றில் எந்தத் தொல்லை உங்களுக்குத் தொல்லையாகத் தெரியவில்லையோ அதை எடுங்கள்.

துறை என்பது வேலியும் அல்ல. 1930 வாக்கில் சென்னைக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பேற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி ஓவியர், சிற்பி இரண்டுமாக இருந்தவர். மெரினாவில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவருடையது. பின்னாளில் முதல்வராக இருந்த எஸ். தனபால் ஓவியம் பயின்று சிற்பத்துக்கு வந்தவர்.

8. எனக்கு ஆஸ்துமா உண்டு. டர்பன்டைன், அமிலம், தூசி எல்லாம் இருக்குமாமே. சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்துவிட்டு மூன்றாம் ஆண்டில் சிக்கிக்கொண்டவர்கள் உண்டு. ஆயில் கலருக்குப் பதில் அக்ரிலிக், அமிலத்தால் அரிக்கும் எச்சிங்குக்குப் பதில் லினோலியம் விரிப்பைச் செதுக்கி அச்செடுக்கும் லினோ, மர அச்சு என மாற்று வழிகள் இருக்கின்றன.

ஆஸ்துமா இல்லாதவர்களும் இதைப் படிக்க வேண்டும். துத்தநாகத் தகட்டை நைட்ரிக் அமிலத்தில் போட்டால் எழும் ஆவி நுரையீரலைக் கெடுக்கும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், விசிறி ஆவியை வெளியே தள்ள வேண்டும். நீரில்தான் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். லின்சீட் எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு உண்டாகி, குவியலாகக் கிடந்தால் தானே தீப்பற்றும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் மூடி வையுங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகும்போது தோலைப் பொசுக்கும் அளவுக்குச் சூடாகும். விளையாட்டுக்குக்கூட அதில் கையைப் புதைத்து அச்செடுக்கக் கூடாது. மட்கல அறையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த களிமண் தூசியில் சிலிக்கா இருக்கிறது. கையில் ஒட்டிய ஆயில் கலருக்குத் தேங்காய் எண்ணெயும் சோப்பும் போதும், டர்பன்டைன் வேண்டாம். தேநீர்க் கோப்பையையும் பிரஷ் கழுவும் கோப்பையையும் அருகருகே வைக்காதீர்கள். சிரிக்க வேண்டாம், உங்களுக்கும் நடக்கும்.

9. கலை வரலாறு தேர்வுக்கு முந்தின நாள் படித்தால் போதாதா? நான் வரையத்தானே வந்தேன்?

தேர்வில் தேர்ச்சி பெற அது போதும். ஆனால் எழும்பூர் அருங்காட்சியகம் சென்னைக் கல்லூரியிலிருந்து நடந்து போகும் தொலைவில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அங்குள்ள அமராவதிச் சிற்பங்களில் ஒரு சிறிய இடத்துக்குள் அத்தனை உருவங்கள் நெருக்கியடித்தும் எப்படிக் குழம்பாமல் நிற்கின்றன என்று பென்சிலோடு உட்கார்ந்து பார்த்தால், காம்போசிஷன் வகுப்பில் ஒரு மாதம் சொல்லிக்கொடுப்பது ஒரு பிற்பகலில் விளங்கும். வெண்கலக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரியை வரையுங்கள். வலப்பாதி ஆண், இடப்பாதி பெண் என்பது எல்லோருக்கும் தெரியும்; இரண்டு பாதிகளின் இடுப்புக் கோடும் எப்படி வேறுபடுகிறது, ஆனாலும் உடல் ஏன் ஒன்றாகத் தெரிகிறது என்பது வரைந்தால்தான் தெரியும்.

அண்மைக்கால வரலாறும் பக்கத்திலேயே இருக்கிறது. கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த ஓவியர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். சென்னை ஓவியர்களின் படைப்புகளைக் கொண்ட அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கு ஒதுக்குங்கள்.

10. வகுப்பில் எல்லோரும் என்னைவிட நன்றாக வரைகிறார்கள். தவறான இடத்துக்கு வந்துவிட்டேனோ?

அந்த எல்லோரும் இதே கேள்வியை என்னிடம் கேட்கிறார்கள். முதல் பருவத்தில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் பள்ளிக் காலத்துப் பயிற்சியின் வித்தியாசத்தையே. மூன்றாம் விடையில் சொன்ன மண்குடம் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடும்.

11. எல்லோர் முன்னிலையிலும் என் படத்தை ஆசிரியர் குறை சொன்னபோது அழுகை வந்துவிட்டது. இது எல்லாக் கல்லூரியிலும் உண்டா?

படங்களைச் சுவரில் வரிசையாக மாட்டி வைத்துப் பேசுவது இந்தப் படிப்பின் பகுதி. அப்போது விளக்கம் கொடுப்பதைவிட, சொன்னதை ஸ்கெட்ச் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வது மேல். அந்த நேரத்தில் காதில் விழாதது இரண்டு நாள் கழித்துப் படிக்கும்போது புரியும். "சரியில்லை" என்று மட்டும் சொன்னால், "எந்த இடத்தில், ஐயா?" என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல ஆசிரியர் அந்த இடத்தை விரலால் காட்டுவார்.

ஆனால் படத்தைக் குறை சொல்வது வேறு; உங்கள் சாதியை, உடலை, ஊரை, பேச்சை இழிவாகச் சொல்வது வேறு. இரண்டாவதைக் கலைப் பயிற்சி என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தேதியோடு எழுதி வைத்து, நம்பிக்கையான ஆசிரியரிடமோ கல்லூரியின் புகார்க் குழுவிடமோ கொண்டு செல்லுங்கள்.

12. தமிழ்வழியில் படித்தவன் நான். வகுப்பில் டோன், நெகடிவ் ஸ்பேஸ் என்றெல்லாம் சொல்கிறார்கள், எதுவும் புரியவில்லை.

மொத்தம் முப்பது நாற்பது சொற்கள்தான். ஒரு பருவத்தில் வந்துவிடும். அகராதியில் தேடாமல் பொருளைக் காட்டச் சொல்லி, உங்கள் சொற்களில் எழுதிக்கொள்ளுங்கள். டோன் என்பது நிறம் எதுவானாலும் அதன் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்பது. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் தெரியும். நெகடிவ் ஸ்பேஸ் என்பது நாற்காலிக் கால்களுக்கு இடையில் தெரியும் வெற்றிடத்தின் வடிவம். அதைச் சரியாக வரைந்தால் நாற்காலி தானாகச் சரியாகிவிடும். ஆங்கிலச் சொல் தெரிந்தும் இதைப் பார்க்கத் தெரியாதவர்கள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள்.

13. "இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று அப்பா கேட்கிறார். என்ன பதில் சொல்ல?

உத்தரவாதம் எதுவும் கொடுக்காதீர்கள். இந்தப் படிப்பு யாருக்கும் அதைக் கொடுத்ததில்லை. பள்ளி ஓவிய ஆசிரியர், பத்திரிகை ஓவியம், புத்தக அட்டை, திரைப்படக் கலை இயக்கம், அனிமேஷன், விளம்பரம், துணி வடிவமைப்பு என்று போனவர்களைக் காட்டலாம். கலை இயக்குநர் தோட்டா தரணி சென்னைக் கல்லூரியில் படித்தவர். நடிகர் சிவகுமாரும் அங்கே ஓவியம் பயின்றவர்தான். கே.எம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றிக்கொண்டே தம் ஓவியங்களை வரைந்தார். சோழமண்டலத்துக்கு நிலம் வாங்கப் பணம் சேர்த்ததே மெழுகு தடவிச் சாயமிடும் பத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் விற்றுத்தான். சம்பாதிக்க ஒரு கை, படைக்க ஒரு கை என்று பிரித்து வாழ்வது இந்தத் துறையில் இழிவே அல்ல. அப்பாவை ஒருமுறை இறுதியாண்டுக் கண்காட்சிக்கு அழைத்து வாருங்கள். உங்கள் பேச்சைவிட அது நன்றாக வேலை செய்யும்.

14. கல்யாணப் பரிசுக்கு உருவப்படம் வரைந்து தரச் சொல்கிறார்கள். புகைப்படம் பார்த்து வரையக் கூடாது என்றீர்களே, வாங்கலாமா? அந்தப் படத்தை என் போர்ட்ஃபோலியோவில், அதாவது பிறருக்குக் காட்டும் படைப்புத் தொகுப்பில், வைக்கலாமா?

மூன்றாம் விடையில் சொன்ன மூன்று மாதம் முடிந்தபின் தாராளமாக வாங்குங்கள். கரிக்குச்சிச் செலவுக்காவது ஆகும். பாதிப் பணத்தை முன்னரே பெற்றுக்கொள்ளுங்கள், எத்தனை முறை திருத்தித் தருவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். தெரிந்தவர் என்று இலவசமாகத் தொடங்கினால் அந்தத் தெருவே தெரிந்தவர்களாகிவிடும்.

போர்ட்ஃபோலியோ விஷயத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பணம் பெற்றுக்கொண்டு ஒருவர் கேட்டபடி வரைந்த உருவப்படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி அதை வரையச் சொன்னவருக்கே உரியது. மேலும், அவர் அனுப்பும் புகைப்படத்தை எடுத்தவர் வேறொருவராக இருக்கலாம். ஸ்டூடியோவில் எடுத்த படமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆர்டர் எடுக்கும்போதே, "இந்தப் படத்தை என் படைப்பாக மற்றவர்களுக்குக் காட்டவும் கண்காட்சியில் வைக்கவும் உங்களுக்குச் சம்மதமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, அவர் எழுதும் பதிலை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். முகத்தைக் காட்ட விரும்பாதவர்களும் உண்டு. அவர்களுடைய படத்தைக் கொடுத்துவிட்டு, அந்த வேலையில் கற்றதை வேறொரு முகத்தில் காட்டுங்கள்.